முக்குளிப்பவரும் அவருடைய கருவிகளும்: வாசகர் கேள்வி–பதில்

கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா கருவிகளைப் பற்றி வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற மாதம் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் எந்த நிறுவனத்தின் கருவி சிறந்தது என்று கேட்டவை மிகச் சிலவே. கருவியை எந்த அளவுக்கு நம்பலாம், அதற்காக எவ்வளவு செலவழிக்கலாம், அதைக் கண்டு அஞ்சுவது இயல்புதானா என்பவையே பெரும்பாலோரின் கேள்விகள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீச்சல்குளத்தில் தொடக்கநிலையினருக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு அவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றை மறைக்காமலேயே சொல்கிறேன்.

*

கேள்வி: என் மகன் சென்ற ஆண்டு அந்தமானில் ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினான். இப்போது எல்லாக் கருவிகளையும் சொந்தமாக வாங்க வேண்டும் என்கிறான். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை கடலுக்குப் போகிறவனுக்கு இது தேவைதானா? “சொந்தக் கருவிதான் பாதுகாப்பு” என்று அவன் சொல்வது சரியா?
— ஒரு தந்தை, திருநகர், மதுரை

பதில்: உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரியல்ல. சொந்தக் கருவி பாதுகாப்பானது என்றால், அதற்குக் காரணம் அது நம்முடையது என்பதல்ல. எந்தப் பட்டை எங்கே தொங்குகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், மூச்சை இழுக்கும்போது, சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் எப்படி ஒலிக்கும் என்பதெல்லாம் கைக்கும் காதுக்கும் பழகிவிடுவதுதான் காரணம். ஆண்டு முழுவதும் பரணில் கிடந்து, புறப்படும் நாளில் தூசி தட்டி எடுக்கப்படும் சொந்த ரெகுலேட்டரைவிட, வாரந்தோறும் கடலுக்குப் போய்வந்து ஒழுங்காகச் சர்வீஸ் செய்யப்படும் வாடகை ரெகுலேட்டர் எவ்வளவோ மேல். சித்திரை வெயிலில் நம் ஊர்ப் பரண்கள் எப்படித் தகிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர் வளையங்களும் குழாய்களும் அந்தச் சூட்டில்தான் முதலில் கெட்டுப்போகின்றன.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் மாஸ்க் மட்டும் வாங்கட்டும். முகத்துக்கு முகம் அமைப்பு மாறுவதால் வாடகை மாஸ்க் சரியாகப் பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது; ஓயாமல் கசியும் மாஸ்க்கோடு கடலில் இறங்குபவருக்கு வேறு எதிலும் கவனம் நிற்காது. கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை எடுத்துவிட வேண்டும். மாஸ்க் விழாமல் முகத்தோடு ஒட்டி நின்றால் அது அவருக்குரியது. இந்தச் சோதனையில் விலை உயர்ந்த மாஸ்க் விழுந்துவிடுவதும், பாதி விலை மாஸ்க் ஒட்டி நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். அங்கே மட்டும் ஒரு கோடு அளவுக்கு மீசையை ஒதுக்கிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பவர் லென்ஸ் பொருத்தும் மாஸ்க்குகளும் கிடைக்கின்றன. புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது ஒட்டிய மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையைத் தடவி, விரலால் சில முறை நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் ஆவி படிந்து பார்வை மறைந்துகொண்டே இருக்கும்.

அடுத்ததாக, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதைக் கணக்கிட்டு அவர் உடலில் சேர்ந்திருக்கும் நைட்ரஜனை மதிப்பிடும் கருவி அது என்பதால், இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று கைமாறுவது நல்லதல்ல. கால் துடுப்பும், உடல் சூட்டைக் காக்கும் உடையான வெட் சூட்டும் அதற்குப் பிறகு போதும். ரெகுலேட்டரும் பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டையும், ஆண்டுக்கு ஓரிரு முறை என்பது மாறி அவர் அடிக்கடி கடலுக்குப் போகத் தொடங்கினால் வாங்க வேண்டியவை. சிலிண்டரும், நீரில் அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகளும் வாங்கத் தேவையே இல்லை. அவை போகுமிடத்தில் கிடைக்கும். நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள்.

வாடகைக் கருவியை எடுக்கும்போது அவர் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். சிலிண்டரைத் திறந்ததும் அழுத்தமானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நான்கைந்து முறை ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் வால்வு முழுமையாகத் திறந்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் முள் சரிந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பினால் வால்வு அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறது. படகில் இருக்கும்போது அதில் நன்றாகத்தான் மூச்சுவிட முடியும்; ஆழத்துக்குப் போன பிறகுதான் காற்று போதாமல் திணற நேரும். கருவி சொந்தமானாலும் வாடகையானாலும் இந்தச் சோதனையை விட்டுவிட்டு இறங்குபவரை நான் என்னோடு சேர்த்துக்கொள்வதில்லை.

*

கேள்வி: இராமேசுவரம் பக்கம் சுற்றுலா போனபோது குடும்பத்தோடு ஸ்கூபா செய்து பார்க்கச் சேர்ந்தோம். மாஸ்க்கை மாட்டி, ரெகுலேட்டரை வாயில் கவ்வியதுமே எனக்கு மூச்சுமுட்டுவதுபோல் ஆகிவிட்டது. இடுப்பளவு தண்ணீரிலேயே எழுந்து வந்துவிட்டேன். என் கணவரும் பிள்ளைகளும் இறங்கினார்கள். கருவியில் கோளாறா, என்னிடம்தான் குறையா?
— ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: அம்மா, உங்களிடம் குறையில்லை, கருவியிலும் கோளாறு இருந்திருக்க வாய்ப்பில்லை. நீங்களும் அந்தக் கருவியும் பழகிக்கொள்ள நேரம் கொடுக்காமல் உங்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். பிறந்ததிலிருந்து மூக்கால் மூச்சுவிட்டுப் பழகியவரிடம் மூக்கை மூடிவிட்டு, வாயால் மட்டும் மூச்சுவிடு என்றால் உடம்பு எதிர்க்கத்தான் செய்யும். அப்போது எழுந்து வந்தது சரியான முடிவு.

உங்கள் அச்சத்துக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்: “இது திடீரென்று நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்?” இதே கேள்வியைப் பயிற்சிக்கு வரும் பலரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவர்களுடைய விரல்கள் ரெகுலேட்டரை இறுகப் பிடித்திருப்பதிலிருந்தே அது தெரிந்துவிடும். அவர்களுக்கு நான் நீச்சல்குளத்தை முதலில் காட்டுவதில்லை. ஒரு வாளித் தண்ணீரைத்தான் காட்டுகிறேன். சிலிண்டரில் மாட்டிய ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியை மேல்நோக்கித் திருப்பி வாளிக்குள் அமிழ்த்தினால் காற்று சீறிக்கொண்டு கொட்டும். வாளி கொதிப்பதுபோல் நுரைத்துப் பொங்கும். அப்படியே கீழ்நோக்கித் திருப்பினால் சட்டென்று நின்றுவிடும். பிறகு முன்பக்கத்திலுள்ள பெரிய பொத்தானை அவர்களே அழுத்த வேண்டும். அழுத்தியதும் காற்று பீறிடும், விட்டதும் நிற்கும். பத்து நிமிடம் இப்படிச் செய்து பார்த்தவர்கள் அதை வாயில் வைக்கும் விதமே வேறாக இருக்கும்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் நெஞ்சம் கொஞ்சம் அமைதியாகும். சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில், அடைக்கப்பட்டிருக்கிறது. ரெகுலேட்டருக்கு இரண்டு பகுதிகள் உண்டு. சிலிண்டரின் தலையில் மாட்டும் முதல் நிலை அதைப் பத்து பார் அளவுக்குக் குறைக்கிறது. வாயிலுள்ள இரண்டாம் நிலை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு அதைச் சமமாக்கி, நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் தருகிறது. தேவைக்கேற்பக் காற்றைத் தரும் இந்த ஏற்பாட்டைப் பிரான்சில் 1943-ஆம் ஆண்டு ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். இன்று உலகெங்கும் பயன்படுவது அதன் வழிவந்ததுதான். இன்றைய ரெகுலேட்டர்களின் இரண்டாம் நிலை வால்வை, உள்ளிருந்து வரும் காற்றே தள்ளித் திறக்கும் வகையில் அமைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்திருக்கும் சுருள்வில் தளர்ந்து வால்வு பழுதானால் காற்று அடைபடாது, நிற்காமல் கொட்டத் தொடங்கும். கொட்டும் காற்றிலிருந்து மூச்சை எடுத்துக்கொண்டே மேலே வருவது எப்படி என்பதும் அடிப்படைப் பயிற்சியின் ஒரு பகுதி. போதாததற்கு ஒவ்வொருவரிடமும் மஞ்சள் நிறத்தில் இன்னொரு இரண்டாம் நிலை இருக்கும்; உடன் வருபவருக்குக் காற்று இல்லாமல் போனால் கொடுப்பதற்காக வைத்திருப்பது அது.

மீண்டும் முயல விரும்பினால் நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். ஒரு மாஸ்க்கும் ஸ்நார்க்கல் குழாயும் வாங்கி, நின்றால் தரை தட்டும் நீச்சல்குளத்தில் முகத்தை மட்டும் அமிழ்த்திச் சில நாள் வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டு, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி மூக்கால் ஊதி அதை வெளியேற்றுங்கள். முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சு நின்றுபோகும் அந்தத் திடுக்கிடல்தான் முதலில் அடங்க வேண்டும். அது அடங்கிய பிறகும் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் கரையில் நிற்பதில் எந்தக் குறைவும் இல்லை.

*

கேள்வி: நாங்கள் கீழக்கரையிலிருந்து மதுரைக்குக் குடிவந்த குடும்பம். என் தாத்தா இளம் வயதில் சங்கு குளித்தவர். நான் ஸ்கூபா பயில்கிறேன் என்றதும், “இத்தனை சாமானைக் கட்டிக்கொண்டு இறங்குவது குளிப்பா?” என்று கேட்டுவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: பதில் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏராளமாக இருக்கின்றன. பாண்டியர் காலத்துக் கொற்கையிலிருந்து அண்மைக்காலம் வரை மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் வைத்திருந்த கருவிகள் மிகக் குறைவு. விரைவாகக் கீழே கொண்டுசெல்ல ஒரு கல், அள்ளிப்போட ஒரு வலைப்பை, மேலே இழுக்க ஒரு கயிறு. படகில் கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருப்பார் என்றும், தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு இருக்கும் என்றும் கடற்கரை ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாப் படகிலும் அப்படித்தான் இருந்ததா என்பதைவிட, கருவியின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் என்பது இதில் தெரிகிறது. இன்று இறங்குவதற்குமுன் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் மற்றவருடைய மிதவைச் சட்டை, ஈயம், கொக்கிகள், காற்று எல்லாவற்றையும் தொட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியில் கற்பிக்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் இதைச் சடங்காக்கிவிடுகிறார்கள். ஒரு தலையசைப்போடு முடித்துவிடுகிறார்கள். கயிற்றைத் தம் கையால் இழுத்துப் பார்க்காமல் உங்கள் தாத்தா ஒருநாளாவது இறங்கியிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஓரிடத்தில் அவருடைய அனுபவத்தை நீங்கள் பின்பற்றவே கூடாது. அவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்கினார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி அந்தக் காற்று நுரையீரலுக்குள் பாதியாகச் சுருங்கியிருக்கும். மேலே வந்ததும் பழைய அளவுக்கே திரும்பியிருக்கும். எனவே மூச்சை அடக்கியிருந்தும் நுரையீரலுக்குத் தீங்கு நேரவில்லை. நீங்களோ அந்த 10 மீட்டர் ஆழத்திலேயே, அங்குள்ள அழுத்தத்துக்குச் சமமான காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று இரு மடங்காக விரியும். விரிய இடமில்லாமல் நுரையீரல் கிழியும். மிகக் குறைந்த ஆழத்திலிருந்து வரும்போதுகூட இந்த ஆபத்து உண்டு. மூச்சை அடக்குவது தாத்தாவுக்குத் தொழில்; ஒரு கணமும் மூச்சை அடக்காமலிருப்பது ஸ்கூபாவின் முதல் விதி. சிறுவயதிலேயே முங்கிப் பழகிய கடற்கரைப் பிள்ளைகளிடம் இந்த விதியை நான் மற்றவர்களிடம் சொல்வதைவிட அதிகமாக வலியுறுத்துகிறேன், ஏனென்றால் அடக்குவது அவர்களுக்குத் தன்னையறியாமல் வரும்.

தாத்தாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். கடலை அறிந்தவர் என்பதால், இந்தச் சாமான்கள் வசதிக்காக மட்டும் கட்டிக்கொண்டவை அல்ல, உடலுக்கு வேறொரு கட்டுப்பாட்டையும் கொண்டுவருகின்றன என்பது அவருக்கு எளிதாகவே புரியும்.

*

கேள்வி: எங்கள் கல்லூரி நண்பர்கள் சிலர் ஸ்கூபா கற்றிருக்கிறார்கள். எப்போது சந்தித்தாலும் பேச்செல்லாம் கருவிகளைப் பற்றித்தான். மீனையும் பவளத்தையும் பற்றி யாரும் பேசுவதில்லை. கருவி மோகம் உள்ளவர்கள் நல்ல முக்குளிப்பவர்களாக இருக்க முடியுமா?
— மாணவர், மேலூர்

பதில்: தம்பி, அவர்களைச் சட்டென்று குறைத்து மதிப்பிட வேண்டாம். மதுரையிலிருந்து கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. அடுத்த பயணம் வரும்வரை கடலோடு தொடர்புள்ளதாக அவர்கள் கையில் இருப்பது அந்தக் கருவிகள் மட்டுமே. அவற்றைத் துடைப்பதும் ஒப்பிடுவதும் பேசுவதும் கடலை நினைத்துக்கொள்வதன் ஒரு வகைதான். ரெகுலேட்டரின் உள்ளமைப்பை ஆர்வத்தோடு படித்துத் தெரிந்துகொள்பவர் ஆபத்து நேரத்தில் பதறுவதும் குறைவாகவே இருக்கும்.

நான் கவலைப்படுவது வேறொரு மனப்போக்கைக் கண்டுதான். திறமையால் தீர்க்க வேண்டியதைப் பொருள் வாங்கித் தீர்க்கப் பார்ப்பது அது. இதை மிதவைச் சட்டையில் தெளிவாகப் பார்க்கலாம். நம் ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவோம். கைகால் வசப்பட்டதும் அவிழ்த்துவிடுவோம். தொடக்கநிலை முக்குளிப்பவருக்கு மிதவைச் சட்டை அந்தக் குடுக்கையைப் போன்றது. காற்றை ஏற்றுகிறார், மேலே போகிறார். பயந்து காற்றை விடுகிறார், தரையில் மோதுகிறார். கீழே போக முடியவில்லை என்று இன்னும் இரண்டு கிலோ ஈயம் கேட்கிறார். அந்த ஈயத்தைத் தூக்கிப்பிடிக்க இன்னும் அதிகக் காற்றை ஏற்றுகிறார். இவருக்கு விலை உயர்ந்த சட்டை வாங்கிக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். தேர்ந்தவர் சட்டையில் மிகக் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு, மூச்சை நிதானமாக இழுத்துவிடுவதாலேயே ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்குவார். அவருக்குத் தேவைப்படும் ஈயமும் குறைவு, செலவாகும் காற்றும் குறைவு.

வாங்கும் பொருள் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. கையுறை போட்டவருக்குப் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தோன்றும். கேமரா வைத்திருப்பவருக்குப் படம் சரியாக வரும்வரை முழங்காலை எங்காவது ஊன்றத் தோன்றும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 1986-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளம் கல்லல்ல, உயிர். ஒருமுறை ஊன்றிய முழங்கால் பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் நொறுக்கிவிடும். நீரில் அசையாமல் மிதக்கத் தெரியும்வரை கேமரா வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். உங்கள் நண்பர்களில் யார் நல்லவர் என்று தெரிய வேண்டுமானால், என்ன கருவி வைத்திருக்கிறார் என்று கேட்காமல், கடைசியாக எத்தனை கிலோ ஈயத்தோடு இறங்கினார் என்று கேளுங்கள்.

*

கேள்வி: கடலிலிருந்து வந்ததும் கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தத் தண்ணீரில் கழுவலாமா?
— வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: மதுரைப் பகுதியில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. கழுவலாம், கழுவாமல் விடுவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. கடல்நீரின் உப்பு காய்ந்தால் கூரிய படிகமாகி ரப்பரை அறுக்கும், உலோகத்தை அரிக்கும். உங்கள் போர்த் தண்ணீரில் இருப்பது அதைவிடப் பல மடங்கு குறைந்த உப்புதான். ஆனால் அந்த வெள்ளைப் படிவு சுண்ணாம்புச் சத்து. அது நுண்ணிய துளைகளிலும் பொத்தான்களிலும் தங்கினால் அவை இறுகிவிடும். எனவே முதலில் போர்த் தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவைத்து, கடைசியாக ஒரு வாளி குடிநீர்க் குழாய்த் தண்ணீரிலோ சேமித்த மழைநீரிலோ அலசி எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் இன்னும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால் வேண்டாம்.

ரெகுலேட்டரை ஊறவைக்கும்முன் முதல் நிலையின் மூடியை நன்றாகத் துடைத்து உலரவைத்து, இறுக மூடியிருக்க வேண்டும். காற்றழுத்தம் இல்லாத நிலையில் தண்ணீருக்குள் வைத்து முன்பொத்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் குழாய் வழியே உள்ளே போய்விடும். பார்ப்பதற்குச் சுத்தமாகத் தெரிந்த ரெகுலேட்டர்கள் உள்ளே துருப்பிடித்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிதவைச் சட்டையின் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் ஊதிக்கொண்டு, எல்லாப் பக்கமும் குலுக்கித் தலைகீழாகப் பிடித்து வடித்தால் உள்ளே தங்கிய கடல்நீர் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பிறகு பாதியளவு காற்றோடு தொங்கவிடுங்கள், உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாது.

உலர்த்துவதற்கு மொட்டை மாடி வேண்டாம். நம் ஊர் வெயிலில் அப்பளமும் வடகமும் காயலாம். வெட் சூட் காயக்கூடாது. காற்றோட்டமான நிழலில், தோள் அகன்ற தாங்கியில் தொங்கவிடுங்கள். காய்ந்த பிறகு படுக்கையறை அலமாரியில், மடிக்காமல் வைப்பதே சரி. இதெல்லாம் பயணக் களைப்போடு வீடு திரும்பிய இரவில் செய்வதற்குச் சிரமமானவை என்பது தெரியும். அந்தச் சிரமத்தையும் சேர்த்துத்தான் முக்குளிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் அடிக்கடி அடியில் போய்விடுகிறது. ஆள் இறக்கி எடுக்கச் செலவு அதிகம். பழைய ஸ்கூபா சிலிண்டர் ஒன்று வாங்கி, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று நிரப்பி நாங்களே இறங்கலாமா?
— விவசாயி, உசிலம்பட்டி வட்டம்

பதில்: கூடாது, ஐயா. இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் தருவது பத்து பார் அளவுக்குத்தான்; ஸ்கூபா சிலிண்டருக்குத் தேவை 200 பார். அதைவிட முக்கியமானது, அந்தக் கம்ப்ரஸரின் காற்று டயருக்கானது, நுரையீரலுக்கானது அல்ல. எண்ணெய்த் துளிகளும், பக்கத்தில் ஓடும் வண்டியின் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடும் அதில் கலந்திருக்கலாம். தரையில் தலைவலியோடு போகக்கூடிய நச்சு, ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் மயக்கமாக மாறும். நீருக்கடியில் மயங்கினால் மீள்வது கடினம். மூச்சுக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர்களில் இதற்கென்றே வடிகட்டிகள் வைத்து, காற்று இழுக்கும் குழாயைப் புகையிலிருந்து தள்ளியே அமைக்கிறார்கள். மருத்துவமனை ஆக்சிஜனை நிரப்பலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதுவும் கூடாது, தூய ஆக்சிஜன் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே வலிப்பை உண்டாக்கக்கூடியது. ஸ்கூபா சிலிண்டரில் வழக்கமாக இருப்பது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றேதான்.

காற்று நல்லதாகவே கிடைத்தாலும் கிணறு கடலைவிட எளிதான இடம் என்று எண்ண வேண்டாம். அடிச்சேறு கலங்கினால் கை முகத்துக்கு நேரே இருந்தாலும் தெரியாது. கயிறும் ஒயரும் குழாயும் கருவிகளில் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு கருவி கட்டியிருந்தாலும் பயிற்சி இல்லாதவர் அந்த இருட்டில் தப்புவது அரிது. நன்றாகக் கடலில் முக்குளிப்பவர்களே தனிப் பயிற்சி இல்லாமல் இத்தகைய இடங்களில் இறங்குவதில்லை. மோட்டாரை மேலேயுள்ள உறுதியான தாங்கியில் இரட்டைக் கயிற்றால் கட்டிவைக்கும் செலவு, நீங்கள் கேட்கும் பழைய சிலிண்டரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். யாராவது கிணற்றில் விழுந்துவிட்டால் தாமதிக்காமல் 101-ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையினரை வரவழையுங்கள்.

*

கேள்வி: காலையில் இராமேசுவரம் பக்கம் ஸ்கூபா, மாலையில் கொடைக்கானல் என்று பயணத் திட்டம் போட்டிருக்கிறோம். என் கம்ப்யூட்டர் எல்லாம் சரி என்று காட்டினால் போகலாம் அல்லவா?
— வாசகர், வத்தலக்குண்டு

பதில்: அந்தத் திட்டத்தை மாற்றுங்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது; விமானத்தின் உட்பகுதியில் இருக்கும் காற்றழுத்தத்துக்கு அது ஏறக்குறைய ஒப்பானது. முக்குளித்து முடித்தவரின் உடலில் மிகுந்திருக்கும் நைட்ரஜன், வெளியழுத்தம் திடீரெனக் குறைந்தால் குமிழ்களாகி மூட்டுவலியிலிருந்து முடக்கம்வரை கொண்டுபோய்விடலாம். ஒரேயொரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கொடைக்கானல் மலைப்பாதைக்கும் அதையே பொருத்திக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் அறியும். நீங்கள் இரவு தூங்கவில்லை என்பதையோ, தண்ணீர் குறைவாகக் குடித்தீர்கள் என்பதையோ, மாலையில் மலை ஏறப்போகிறீர்கள் என்பதையோ அறியாது. அதில் விமானப் படத்தோடு தெரியும் நேரம் முடியும்வரை சமவெளியிலேயே இருங்கள். கொடைக்கானலுக்கு முதலில் போய்வந்து, பிறகு கடலுக்குப் போகும்படி பயணத்தைத் திருப்பிப் போட்டால் இரண்டையும் அனுபவிக்கலாம்.

*

கேள்வி: இணையத்தில் பழைய ரெகுலேட்டர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: எப்போது, யாரிடம் சர்வீஸ் செய்யப்பட்டது என்பதற்கு ரசீது இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பாதி விலை பெரும்பாலும் முக்கால் விலையாகிவிடும். அந்த மாதிரிக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் அது காட்சிப்பொருள்தான். நேரில் பார்க்க முடிந்தால் காற்றை இழுக்கும் முனையிலுள்ள சிறு வடிகட்டியைப் பாருங்கள். பச்சை நிறம் ஏறியிருந்தால் உள்ளே கடல்நீர் போயிருக்கிறது. குழாய்கள் உலோகத்தோடு சேரும் இடத்தில் உறையை விலக்கிவிட்டு மெல்ல வளையுங்கள். நுண்ணிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் குழாய்களை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள். சர்வீஸ் முடிந்து கைக்கு வந்ததும், முதல் முறை நீச்சல்குளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அதன் பிறகு கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.